சம்பு அறுக்கும் மாதம்

நாணல் இலையை எரித்தாலும் அதன் வடிவம் அழிவதில்லை. மஃபிள் அடுப்பில் 550 டிகிரியில் சில மணி நேரம் வைத்துவிட்டு, ஆறிய பிறகு கதவைத் திறந்தால், பீங்கான் குருசிபிளுக்குள் வெள்ளை வெளேரென்று ஓர் இலைத்துண்டு படுத்திருக்கும். உற்றுப் பார்த்தால் நரம்போட்டம்கூடத் தெரியும். மூச்சுக் காற்று பட்டால் போதும், பொலபொலவென்று உதிர்ந்துவிடும். நாணல் புல் இனம். நெல்லும் கரும்பும் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் தோலில் படிய வைத்துக்கொண்டே வளர்கிறது. எரியக்கூடியதெல்லாம் எரிந்த பின் மிஞ்சுவது அந்தச் சிலிக்காக் கூடுதான். பக்கத்துக் குருசிபிளில் சம்பு. அது வெறும் சாம்பல், உருவம் கிடையாது. சம்புக்குச் சிலிக்காவில் அவ்வளவு நாட்டம் இல்லை. இத்தனைக்கும் இரண்டும் ஒரே ஏரியில், ஒரே சேற்றில் நின்றவை.

ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் ஆராய்ச்சித் திட்ட உதவியாளன் என்ற பெயரில் குடுவை கழுவிக்கொண்டிருந்த காலத்தில் பார்த்தது இது. திட்டத்தை நடத்திய சாருக்கு ஒரே கேள்விதான். ஏரிக்குள் நிற்கும் சம்பிலும் நாணலிலும் எந்த மாதத்தில் எந்தச் சத்து எங்கே இருக்கிறது? இலையிலா, தண்டிலா, சேற்றுக்குள் இருக்கும் கிழங்கிலா? மாதா மாதம் போவோம். செங்கல்பட்டுக்குத் தெற்கே ஓர் ஏரி. பெயர் வேண்டாம், இன்று அதைச் சுற்றிப் பாதிக்கு மேல் வீட்டுமனை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச்சட்டத்தைப் போட்டு அதற்குள் நிற்பதையெல்லாம் அறுத்துக் கட்டி, அடியில் இருக்கும் கிழங்கையும் தோண்டி எடுக்க வேண்டும். அறுப்பது சுலபம். தோண்டுவதில்தான் உயிர் போகும். தோள் வரைக்கும் சேற்றுக்குள் கையை விட்டால் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று கிளம்பும். உள்ளே காற்றே கிடையாது. ஆனால் வெளியே வரும் வெள்ளை வேரைச் சுற்றித் துரு நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். இலை இழுத்த காற்று தண்டின் உள்வெளி வழியாக இறங்கி வேர்நுனியில் கசிகிறது. அது பட்ட இடத்தில் சேற்றின் இரும்பு துருவாகிவிடுகிறது. மணிச்சத்தையும் அந்தத் துரு பிடித்து வைத்துக்கொள்ளும். அதைச் சரியாகத் தேய்த்துக் கழுவவில்லையென்றால் நாம் அளப்பது வேரை அல்ல, துருவை.

“செடியக் கொண்டாந்தேன்னு சொல்லாத. எந்த மாசத்துச் செடின்னு சொல்லு.” சார் அடிக்கடி சொல்வது இது. பையில் மாதம் எழுதாத மாதிரியைத் தொடக்கூட மாட்டார்.

அவர் சொன்னதையே வேறு விதமாகச் சொன்ன ஆயா ஒருவர் அந்த ஏரியில் இருந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கருக்கரிவாளால் சம்பந்தழையை அறுத்து மிதக்க விட்டுக்கொண்டே நகர்வார். கரையில் அவருடைய எருமைகள் நிற்கும்.

“எதுக்குப்பா இத்த நோண்டி நோண்டி எடுத்துக்கினு போறீங்க?”

“சத்து எவ்ளோ இருக்குன்னு பாக்கறதுக்கு ஆயா.”

“அத்த என் எருமையக் கேட்டா சொல்லப்போவுது. காத்திகைல அறுத்துப் போட்டா மென்னுக்கினே கெடக்கும். மாசில அதே தழையப் போடு, மோந்துகூடப் பாக்காது.”

சார் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். எருமையின் நாக்குக்குத் தெரிந்ததை நாங்கள் ஜெல்டால் குடுவையில் காய்ச்சித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அரைத்த இலைத்தூளை அடர் கந்தக அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைத்தால் முதலில் கன்னங்கரேலென்று பொங்கும். விட்டுவிட்டுப் போனால் மணிக்கணக்கில் தெளிந்து, கடைசியில் போட்ட தாமிர உப்பின் இளம்பச்சை மட்டும் நிற்கும். தழைச்சத்து முழுவதும் அப்போது அம்மோனியம் உப்பாக மாறியிருக்கும். பார்லியில் எவ்வளவு புரதம் என்று பார்ப்பதற்காக, கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர்காரர்கள் நடத்திய ஆய்வகத்தில் யோஹான் ஜெல்டால் 1883-இல் வெளியிட்ட முறை. பீருக்காகப் பிறந்த குடுவையில் எங்கள் ஏரிச் சம்பு வெந்துகொண்டிருந்தது.

கணக்கு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். இளந்தழையின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 3 பங்கு வரைகூடத் தழைச்சத்து இருக்கும். காய்ந்து நிற்கும் தட்டையில் 1 பங்குக்கும் கீழே போய்விடும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அப்படியே. போனது எங்கே? இலை பழுக்கத் தொடங்கும்போதே செடி தன் பச்சையத்தையும் புரதத்தையும் உடைத்து, கரையக்கூடியதாக்கி, கீழே கிழங்குக்கு அனுப்பிவிடுகிறது. சுண்ணாம்புச்சத்து மட்டும் விதிவிலக்கு. அது நீரோடு மேலே ஏறும். வந்த வழியே இறங்கத் தெரியாது. சிலிக்காவும் அப்படித்தான். அதனால் வயதாக வயதாக இலையில் இந்த இரண்டும் கூடிக்கொண்டே போகும். வீட்டைக் காலி செய்து போகிறவர்கள் தூக்க முடிந்ததையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு அம்மிக்கல்லை மட்டும் போட்டுவிட்டுப் போவார்களே, அந்தக் கதைதான். காய்ந்த நாணலில் நாம் பார்ப்பது அம்மிக்கல்.

இந்த இடத்தில் சார் ஒரு சண்டை பிடிப்பார், யாரோடாவது. சதவீதம் வேறு, இருப்பு வேறு என்பது அவருடைய நிரந்தரச் சண்டை. முளைத்து வரும் குருத்தில் சதவீதம் உச்சத்தில் இருக்கும், ஆனால் குருத்து எத்தனை கிராம்? செடி ஓங்கி வளரும்போது நாரும் தண்டும் சேர்ந்து சதவீதம் இறங்கும். அதே நேரம் ஒரு சதுர மீட்டரில் நிற்கும் மொத்தச் சத்து ஏறிக்கொண்டே இருக்கும். பூக்கும் பருவத்தையொட்டி அந்த மொத்தம் உச்சிக்குப் போய், பிறகு சரியும். “சதவீதத்த மட்டும் பாத்து அறுத்தீன்னா குருத்தத்தான் அறுப்ப. ஒண்ணும் தேறாது. செடியும் செத்துப்போவும்.” குருத்து எழும்புவதே கிழங்கின் சேமிப்பைச் செலவழித்துத்தான். அந்த நேரத்தில் கிழங்கு வெறுங்கையோடு இருக்கும். அப்போது திரும்பத் திரும்ப அறுத்தால் அடுத்த வருஷத்துக்குச் சம்பே இருக்காது. ஏரியைச் சம்பிடமிருந்து மீட்க நினைப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. தழையை நம்பி மாடு வளர்ப்பவர்களுக்குக் கெட்ட செய்தி.

சாம்பல்சத்தை, அதாவது பொட்டாசியத்தை, அளந்த ஃபிளேம் ஃபோட்டோமீட்டரை நினைத்தால் இன்றும் அந்த அறையின் வெக்கை வருகிறது. மின்விசிறி போடக்கூடாது, சுடர் ஆடிவிடும். மெல்லிய குழாய் சாம்பல் கரைசலை உறிஞ்ச, நீலச் சுடர் நிறம் மாறும். பொட்டாசியத்துக்கு வெளிறிய ஊதா. சோடியம் கொஞ்சம் கலந்திருந்தாலும் போச்சு, மஞ்சள் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். வடிகட்டிக் கண்ணாடியை மாற்றித்தான் படிக்க வேண்டும். மரக்காணம் பக்கம் கழுவெளியிலிருந்து ஒருமுறை நாணலும் அதன் காலடித் தண்ணீரும் கொண்டு வந்தோம். உவர் நீர். தண்ணீரை உறிஞ்சக் கொடுத்ததும் சுடர் எரிகிற மஞ்சளாகிவிட்டது. இலைச் சாம்பலைக் கொடுத்தால் அந்த அளவுக்கு இல்லை. உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டே நாணல் சோடியத்தைத் தண்டின் அடியோடு மறித்துவிட்டு, பொட்டாசியத்தை மட்டும் பொறுக்கி மேலே அனுப்புகிறது. புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் ஒரே சுடரில் அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஏற்படும் நம்பிக்கை வேறு. கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆனதாகச் செய்தி படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பறவை அல்ல, அந்த மஞ்சள்தான்.

பொட்டாசியத்தைப் பற்றி இன்னொன்று. அது செடிக்குள் எதோடும் கெட்டியாக ஒட்டிக்கொள்வதில்லை, செல் நீரில் கரைந்தே கிடக்கிறது. உயிருள்ள இலை அதைப் பிடித்து வைத்திருக்கும். செத்த இலை பிடிக்காது. ஒரு மழை போதும், ஏன், விடிய விடியப் பனி பெய்தாலே போதும், வழிந்துவிடும். அதனால்தான் காய்ந்த மாதிரிகளை ஆய்வகத்தில் தண்ணீரில் ஊறப் போடக்கூடாது என்பார்கள். சட்டென்று ஒரு அலசு, உடனே எடுத்து உதறு.

பத்தமடையில் இதற்கு நேர் எதிரான வேலை நடக்கிறது. கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, காய வைத்து, பிறகு ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போட்டு, தண்டு உப்பிய பின் மறுபடி உலர்த்தி எடுப்பார்கள். பட்டுப்பாய்க்கு வேண்டிய மெல்லிய இழை அப்படித்தான் கிடைக்கிறது. ஊறுகிற கோரையிலிருந்து பொட்டாசியமும் சர்க்கரையும் தாமிரபரணிக்குப் போய்விடும். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அங்கே தின்ன ஒன்றும் மிச்சமிருக்காது. பாய் நீடித்து உழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். சேரன்மகாதேவிக்காரரான சாரிடம் இதைச் சொன்னபோது, “இத எங்க பெரியம்மாட்ட போய்ச் சொல்லாத, சிரிப்பா” என்றார். மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டு என்கிறவர்களும், கோரையை முற்ற விடாதே என்கிறவர்களும் பேசுவது ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான். நிலவைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. பருவத்தைப் பற்றி அவர்கள் சொன்னது சரி.

ஐரோப்பாவில் நாணலைக் குளிர்காலத்தில் அறுக்கிறார்கள். ஆஸ்திரியாவுக்கும் ஹங்கேரிக்கும் நடுவில் நாய்ஸீட்லர் என்றொரு ஏரி. பெரும்பாலும் ஆளுயரத்துக்கும் குறைவான ஆழம், சுற்றிலும் சுமார் 180 சதுர கிலோமீட்டர் நாணற்காடு. ஏரி உறைந்தால் பனிக்கட்டி மேல் வண்டியை ஓட்டிப்போய் அறுப்பார்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் டிசம்பரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை. இலையெல்லாம் உதிர்ந்து, சத்தெல்லாம் கிழங்குக்குப் போய், மிச்சத்தை மழை கழுவிவிட்ட பிறகு நிற்கும் தட்டை அது. கூரைக்கு அதுதான் வேண்டும்; தின்ன ஏதுமில்லாத தட்டை சீக்கிரம் மக்காது. அறுத்ததால் செடிக்கும் நஷ்டமில்லை, அதன் சொத்து முழுக்கத் தரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. அடுப்பில் போட்டு எரிப்பவர்களுக்கும் குளிர்கால நாணலே பிடிக்கும். பொட்டாசியமும் குளோரினும் குறைந்துபோயிருப்பதால் சாம்பல் உருகி அடுப்பில் ஒட்டுவது குறைவு.

நம் ஊரில் ஏரி உறைவதில்லை. பனி அங்கே செய்யும் வேலையை இங்கே தண்ணீர் வற்றுவது செய்கிறது. ஐப்பசியில் ஏரி நிறையும், கார்த்திகை மார்கழியில் தழை கருகருவென்று நிற்கும், தை மாசியில் கதிர் தள்ளி நுனி பழுக்கும், பங்குனியில் வெயில் ஏறத் தண்ணீர் பின்வாங்க, நின்ற நிலையில் காயும். எங்கள் ஏரி அப்படி. தண்ணீர் வற்றாத ஏரியில் இந்தக் கணக்கு குழம்பிவிடும். கென்யாவின் நைவாஷா ஏரியில் பாப்பிரஸ் (அதுவும் கோரை இனம்தான்) வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். குருத்தும் கிழடும் ஒரே புதரில். அங்கே பருவம் செடிக்கு இல்லை, ஒவ்வொரு தண்டுக்கும்தான். சாகப்போகும் தண்டு தன் சத்தைக் கிழங்குக்குத் தர, கிழங்கு அதைப் பக்கத்துக் குருத்துக்குத் தருகிறது. அந்தச் சதுப்புகளின் சத்துக் கணக்கை எழுதிய ஜான் காடெட்டின் கட்டுரைகளைச் சார் ஜெராக்ஸ் எடுத்து பைண்ட் செய்து வைத்திருந்தார். யாருக்கும் இரவல் தரமாட்டார்.

மணிப்பூரின் லோக்தக் ஏரிக்குப் போயிருந்தபோது சாரை நினைத்துக்கொண்டேன். நாணலும் வேறு புற்களும் தங்கள் வேரும் மக்கும் சேர்ந்து பாய்போல் பின்னி மிதப்பவை அங்குள்ள பும்டிகள். கைபுல் லாம்ஜாவ் தேசியப் பூங்காவின் பெரும்பகுதி அந்த மிதவையின் மேல்தான் இருக்கிறது. சங்காய் மான் வாழும் ஒரே காட்டிடம் அது. 1975 கணக்கெடுப்பில் 14 மான்கள்தான் மிஞ்சியிருந்தன. காலை வைத்தால் தரை ஒரு கணம் யோசித்துவிட்டு அமுங்குகிறது. இந்தப் பாய்களுக்கு ஒரு பழைய பருவ ஒழுங்கு இருந்தது. கோடையில் ஏரி வற்றும்போது மிதவை இறங்கி அடிமண்ணில் உட்காரும். வேர்கள் சேற்றைத் தொட்டுச் சத்து எடுத்துக்கொள்ளும். மழை வந்ததும் மறுபடி மிதக்கும். 1983-இல் மின்சாரத்துக்காக இத்தாய் தடுப்பணை வந்தது. நீர்மட்டம் வருஷம் முழுக்க உயரத்திலேயே நின்றது. மிதவை தரையைத் தொடுவது நின்றுபோயிற்று. சாப்பாடு கிடைக்காத பாய் மெலிந்துகொண்டே வருகிறது; மெலிந்த இடத்தில் மானின் குளம்பு உள்ளே போகிறது. யாரும் நாணலை வெட்டவில்லை, விஷம் வைக்கவில்லை. தண்ணீரை இறங்க விடவில்லை, அவ்வளவுதான்.

நம் ஏரிகளுக்கு வருகிறேன். சம்பு மண்டிய ஏரியைச் சுத்தம் செய்ய நாம் தேர்ந்தெடுக்கும் காலம் எது? மாசி, பங்குனி. தண்ணீர் வற்றினால்தான் ஆள் இறங்கலாம், இயந்திரம் இறங்கலாம். நிதியாண்டும் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறது, அதற்குள் கணக்கு காட்ட வேண்டும். காவிரி டெல்டாவில் மேட்டூர் ஜூன் 12-க்குத் திறப்பதற்கு முன் சித்திரை, வைகாசியில் வாய்க்கால் தூர்வாருகிறார்கள். வசதி எல்லாம் சரி. ஆனால் அந்த மாதத்தில் அறுத்து எடுப்பது என்ன? சத்து இறங்கிப்போன காய்ந்த தட்டை. சாக்கடைத் தண்ணீரால் ஏரிக்குள் வந்து சேர்ந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் கிழங்கில் உட்கார்ந்திருக்கின்றன, அடுத்த மழைக்கு இன்னும் தெம்பாக எழுந்து வர. இயந்திரம் கிழங்கோடு சேற்றை வாரினால் அது உண்மையான வேலை, மறுக்கவில்லை. வாரிய சேற்றைக் கரையின் உள்சரிவிலேயே கொட்டிவிட்டுப் போனால் அதுவும் முதல் மழையில் ஏரிக்கே திரும்பிவிடுகிறது. காய்ந்த தட்டையை அங்கேயே கொளுத்துவது இன்னும் மோசம். மிச்சமிருந்த தழைச்சத்து புகையாகப் போகும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சாம்பலில் அப்படியே இருந்து, மழையோடு கரைந்து உள்ளே இறங்கும். உரம் போட்டு வளர்ப்பதற்கு இதைவிட ஒழுங்கான ஏற்பாடு கிடையாது. விழலுக்கு இறைத்த நீர் என்பார்கள். நாம் விழலுக்கு உரமே இறைக்கிறோம்.

சத்தை ஏரியிலிருந்து வெளியேற்ற வேண்டுமென்றால் பச்சையாக, பூக்கும் தறுவாயில், நீர்மட்டத்துக்குக் கீழே அறுக்க வேண்டும். நீருக்குள் அறுத்தால் இன்னொரு லாபம் உண்டு. அறுபட்ட தண்டு நீரில் மூழ்கிவிடுவதால் கிழங்குக்கு மேலிருந்து காற்று இறங்கும் வழி அடைபடுகிறது, மூச்சு முட்டிக் கிழங்கு அழுகுகிறது. அறுத்ததை ஏரியின் நீர்ப்பிடிப்புக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். நாணலையும் நீர்க்கோரையையும் நட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்யலாம் என்று ஜெர்மனியில் கேட்டே ஸைடல் 1950-களிலிருந்து சொல்லிவந்தார். இன்று ஆரோவில்லில்கூடச் சரளைப் படுகையில் செடி நட்ட அப்படிப்பட்ட தொட்டிகள் உண்டு. அவற்றிலும் பெரும்பகுதி வேலையைச் செய்வது வேரைச் சுற்றியிருக்கும் நுண்ணுயிர்கள். செடி தன் உடம்பில் எடுத்துக்கொள்வது சிறு பங்குதான், அதுவும் உரிய மாதத்தில் அறுத்தால்தான் நமக்கு. இல்லையென்றால் அது வாங்கி, வைத்திருந்து, திருப்பிக் கொடுத்துவிடும்.

இதெல்லாம் என் அக்கா மகனிடம் சொன்னது. அவன் சிறு ஒப்பந்தங்கள் எடுக்கிறவன். ஏரி வேலையும் வரும்.

“மாமா, நீங்க சொல்றது சரிதான். காத்திகைல ஏரி நெறைஞ்சு கெடக்கும். எவன் எறங்குவான்?”

ஒரு காலத்தில் ஆயாக்கள் இறங்கினார்கள். காசு வாங்காமல், கணக்கு எழுதாமல், சரியான மாதத்தில் சரியான உயரத்தில் அறுத்துத் தலைச்சுமையாக ஏரியை விட்டு வெளியே கொண்டுபோனார்கள். அது ஏரியைச் சுத்தம் செய்யும் வேலை என்று யாரும் நினைக்கவில்லை, அவர்கள் உட்பட. அந்த ஊரில் இப்போது எருமை இல்லை. இருக்கும் மாடுகளுக்கு மூட்டைத் தீவனம்.

ஆனாலும் அவன் போன வருஷம் ஒரு மூலையில் செய்து பார்த்தான். மீன் பிடிக்கிறவர்களிடம் பரிசலோடு இரண்டு ஆட்களைக் கூலிக்குப் பேசி, கார்த்திகை கடைசியில் தண்ணீருக்குள் கைவிட்டு அறுக்க வைத்தான். ஈரத்தோடு டிராக்டர் டிராக்டராக வந்தது. பக்கத்துத் தென்னந்தோப்பில் மரத்தைச் சுற்றி மூடாக்காகப் போட்டார்கள். மக்கியதைப் பார்த்துவிட்டுத் தோப்புக்காரர் அடுத்த வருஷமும் வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். அறுத்த இடத்தில் பங்குனி வரைக்கும் சம்பு தலை காட்டவில்லை. பில்தான் இன்னும் பாஸாகவில்லை. எஸ்டிமேட்டில் சதுர மீட்டர் கணக்கு; அளக்க வந்தவர் கரையில் நின்று பார்த்துவிட்டு, இங்கே தண்ணீர்தானே இருக்கிறது, எதை அறுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அறுப்பதற்கு முன்னால் எடுத்த போட்டோவைக் காட்டினான். அதில் தேதி தெரியவில்லை என்று ஃபைல் திரும்பி வந்திருக்கிறது.